ஐந்து தகரம் மா

எங்கள் வயதுக்காரருக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளினிக்கில் இலக்கம் எடுத்துக்கொண்டு மர வாங்கில் இருக்கும்போது நாங்கள் கதைப்பதே அதைத்தான். வெள்ளை மாவை விடு, சோற்றைக் குறை, குரக்கன் சாப்பிடு, தவிடு போகாத அரிசியை இடித்துப் பிட்டு அவி. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்த பிறகு, சின்ன வயதில் வேறு வழியில்லாமல் தின்ற சாப்பாட்டுக்கே எல்லோரும் திரும்பியிருக்கிறோம்.

போன மாதம் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தவர். "மாவை அரைச்சு வைச்சால் மூண்டு கிழமையிலை ஒரு மணம் வருது. என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தவிடும் முளையும் சேர்த்து அரைத்த மாவில் எண்ணெய்ப் பிடிப்பு இருக்கும், அது வெள்ளை மாவைப்போல நாட்கணக்காகக் கிடக்காது. கொஞ்சமாய் அரையுங்கோ, சூடு ஆறுறதுக்கு முதல் மூடாதேயுங்கோ, ஈரக் கரண்டி போடாதேயுங்கோ, மிச்சத்தைப் பிறிட்ஜிலை வையுங்கோ.

"சரி, பழுதாப் போச்சுது எண்டு எப்பிடி அறியிறது?"

மணந்து பாருங்கோ என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் விடை. அது என் வாயிலிருந்து வரவில்லை. நல்ல காலத்துக்கு அந்த நேரம் என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சண்டைக் காலத்தில், ஒரு மாரியில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி குடித்தவர்கள் யாராவது இதைப் படிக்கவும் கூடும். அவர்களுக்கு இப்போது நாற்பதை அண்டிய வயது இருக்கும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவர் கொழும்பில் வேலை செய்தார். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் அவர் வரவில்லை. அவருடைய கடிதங்கள் மட்டும் எங்கெங்கோ சுற்றி, மூலைகள் மடிந்து, இரண்டு மூன்று சேர்ந்தாற்போல வரும். மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், டீசல் எதுவும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் ஒழுங்காக வராத காலம். தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது. வகுப்பறைக்கு நான்கு குடும்பம், நடுவில் சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ எழுதிவிட்டுப் போன கூட்டல் கணக்கு அப்படியே இருந்தது.

அங்கே இருந்த சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் சத்துமாக் கஞ்சி கொடுப்பதென்று எங்கள் ஊர் மாதர் சங்கம் தீர்மானித்தது. சங்கத்தின் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே சொல்வார்கள். தோட்டக்காரர் வீடுகளில் போய்க் கேட்டுக் குரக்கன், சோளம், பயறு, சிவப்பரிசி எல்லாம் சேர்த்தார். சேர்த்ததை வறுத்து, அரைத்து, பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தார்.

"உம்மட்டை வைச்ச சாமானிலை ஒரு வண்டு விழுந்து நான் காணேல்லை. அதுதான் உம்மட்டைத் தாறன்" என்றார் ரீச்சர்.

உண்மைதான். அம்மா பொருள் வைப்பதில் அப்படி ஒரு கவனம். தானியத்துக்குள் செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் போடுவார். தகரங்களை நிலத்தில் வைக்கமாட்டார், பலகை போட்டு அதன்மேல் வைப்பார். எங்களிடம் ஐந்து பெரிய பிஸ்கட் தகரங்கள் இருந்தன. முன்னர் கடைகளில் பிஸ்கட்டை நிறுத்து விற்ற காலத்துச் சதுரத் தகரங்கள். ஒன்றில் குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், முகம் மட்டும் துருப்பிடித்து அழிந்துபோய்.

அந்த வேலையால் எங்களுக்கும் ஒரு நன்மை இருந்தது. கஞ்சி கொடுத்து முடிந்ததும் பானையின் அடியில் மிஞ்சுவதைச் சமையல் அக்கா ஒரு தகரப் பேணியில் ஊற்றி எங்களுக்குத் தருவார். தம்பி அந்தப் பேணிக்காகக் காலையிலிருந்து வாசல் படலையடியில் நிற்பான்.

சமையல் அக்கா என்று நான் சொல்வது பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு இளம் தாயை. தீவிலிருந்து வந்தவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று சொன்னார்கள். மூன்று வயதில் ஒரு மகள். மெலிந்த கை, ஆனால் அந்தப் பெரிய பானையைத் தனியாகத் தூக்கி இறக்குவார். அகப்பையால் ஊற்றும்போது ஒவ்வொரு பிள்ளையையும் "வா மோனை, வாடி குஞ்சு" என்று கூப்பிட்டு ஊற்றுவார். என்னையும் குஞ்சு என்றுதான் கூப்பிட்டார்.

அரைப்பது பெரிய பாடு. மில்காரர் டீசல் கிடைத்தால்தான் கதவு திறப்பார். ஐப்பசி தொடங்கும்போது ஒருநாள் அவர் அம்மாவிடம் சொன்னார்: "உள்ளதெல்லாத்தையும் இண்டைக்கே கொண்டு வாங்கோ. இனி எப்ப ஓடும் எண்டு எனக்கே தெரியாது."

அம்மா யோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. வழக்கத்தில் இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும்தான் அரைப்பார். முழுத் தானியமாகக் கிடந்தால் பழுதாகாது, மாவாக்கினால் நாள் எண்ணத் தொடங்கிவிடும் என்பார். ஆனால் மில் பூட்டினால் நாற்பது பிள்ளைகளுக்கு முழுக் குரக்கனை என்ன செய்வது? அன்றைக்கே எல்லாவற்றையும் வறுத்து, சைக்கிளில் மூன்று தரம் ஏற்றி, அரைத்துக்கொண்டு வந்தோம்.

மில்லிலிருந்து வரும் மா கை வைக்க முடியாத சூடாக இருக்கும். அதை விறாந்தையில் வெள்ளை வேட்டி விரித்துப் பரப்பி, ஆறவிட்டு, அரித்துத்தான் தகரத்தில் போடவேண்டும். பரப்பி அரை மணித்தியாலம் ஆகியிருக்காது, குண்டு போடும் விமானம், பொம்பர், வந்தது. எங்கள் ஊருக்கு மேலாகச் சுற்றியது. அம்மா வேட்டியின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்து மாவைத் தகரங்களுக்குள் கொட்டினார். நான் மூடிகளை அமத்தினேன். மா உள்ளங்கைக்கு இன்னும் சுட்டது. மூடிவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடினோம். பொம்பர் வேறு எங்கேயோ போட்டுவிட்டுப் போயிற்று. நாங்கள் வெளியே வரும்போது மழை தொடங்கிவிட்டது. பிறகு அந்த மாவைத் திறந்து திரும்பப் பரப்ப வெயிலே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எதையும் மணந்து பார்க்கிற வேலை என்னுடையது. பால் புளித்துவிட்டதா, மீன் புதிதா, தேங்காயெண்ணெய் காறிப்போயிற்றா, உடுப்பு காயாமல் மொச்சை மணக்கிறதா என்று எல்லாவற்றையும் அம்மா என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, "மணந்து பார், பிள்ளை" என்பார். நான் சொல்வதைக் கேட்டுத்தான் எடுப்பார் அல்லது கொட்டுவார். அயல் பெண்களிடமும், "இவளின்ரை மூக்கு ஒண்டுக்கும் ஏமாறாது" என்று சொல்வார். எனக்கு அதில் பெருமை. படிப்பில் நான் அவ்வளவு கெட்டிக்காரி அல்ல. இதிலாவது அம்மா என்னை நம்புகிறார் என்று நினைத்தேன். அவர் ஏன் தானே மணந்து பார்ப்பதில்லை என்று அந்த வயதில் நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு தகரமும் நல்லபடியே முடிந்தன. கார்த்திகையில், விடாமல் மழை பெய்த கிழமையில், மூன்றாவது தகரத்தைத் திறந்தோம். அம்மா மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினார். மூடியின் உட்புறம் ஈரம் பட்டுக் காய்ந்த வட்டங்கள். மாவின் மேற்பகுதி கட்டிபட்டிருந்தது. அம்மா ஒரு கட்டியை விரலால் நசித்தார். அது உதிரவில்லை, பிய்ந்தது.

"மணந்து பார், பிள்ளை."

குனிந்தேன். வறுத்த தானியத்தின் மணம் அதில் இல்லை. பழைய விளக்குத் திரியும் ஈரச் சாக்கும் சேர்ந்தாற்போல ஒரு மணம், அதற்குக் கீழே மூக்கின் அடியில் ஒட்டுகிற ஒரு கசப்பு. ஒரு மூச்சிலேயே தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகம் என்ன விடையை எதிர்பார்க்கிறது என்று எனக்கு விளங்கியது. மில் பூட்டி ஒரு மாதம். மழை. இன்னும் இரண்டு தகரம் அதே நாளில், அதே சூட்டோடு மூடியவை. இது பழுதென்றால் அவையும் பழுது. பள்ளிக்கூடத்தில் கஞ்சி நின்றுவிடும். எங்கள் பேணியும் நின்றுவிடும். முதல்நாள் நாங்கள் மரவள்ளிக் கிழங்கு மட்டும்தான் சாப்பிட்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"வடிவா மணந்தனியே?"

"ஓம் அம்மா."

அம்மா கட்டிகளை அரிதட்டில் அரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பனையோலைக் கடகத்தில் போட்டு என்னிடம் தந்தார்.

பள்ளிக்கூட அடுப்படியில் சமையல் அக்கா கடகத்தைத் திறந்தவுடனே கையை நிறுத்தினார். ஒரு பிடி எடுத்து மூக்கடியில் வைத்தார். எனக்குப் பின்னால் அம்மாவும் வந்துவிட்டிருந்தார்.

"அக்கா, மா ஒரு மாதிரி மணக்குது" என்றார் சமையல் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார்.

"புகை மணமாயிருக்கும். விறகு ஈரம்."

"இல்லை அக்கா, மாதான்."

"என்ரை பிள்ளை இப்பதான் மணந்து பாத்தவள். அவள் நல்லாத்தான் இருக்கு எண்டவள்."

சமையல் அக்கா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருவர் ஊரில், இன்னொருவர் பானையில் சமைக்கிறவர் எவ்வளவு தூரம் கதைக்கலாம்? இந்தக் கேள்வி எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் வந்தது. அவர் வழக்கத்தைவிட நெடுநேரம் கஞ்சியைக் கொதிக்கவிட்டார். பனங்கட்டியும் கூடப் போட்டார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் பிள்ளைகள் குடித்த கஞ்சியைச் சத்தியெடுக்கத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு வகுப்பறை வகுப்பறையாக. வயிற்றோட்டமும் சேர்ந்தது. வெளியே மழை. மலசலகூடத்துக்கு முன்னால் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சமையல் அக்காவின் மகளும் துவண்டுபோய்க் கிடந்தாள். ஒரு பொடியனுக்குக் கண் சொருகிவிட்டது. அவனைத் தகப்பன் மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் சைக்கிள் மிதித்து, யாழ்ப்பாணத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள் சேலைன் ஏற்றி அவனைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த ஐந்து நாளும் நான் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அவன் சாகக்கூடாது. அது அவனுக்காகவா எனக்காகவா என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

நானும் தம்பியும் அந்தக் கஞ்சியைக் குடிக்கவில்லை. பேணியை வாங்கிவந்து, வேலியோரம் ஊற்றினேன். தம்பி அழுதான். கைதவறிவிட்டது என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் ரீச்சர் பள்ளிக்கூட அலுவலக அறையில் விசாரித்தார். வெள்ளைச் சேலை, மழைக்குக் கறுப்புக் குடை. சமையல் அக்காவும் அம்மாவும் சில தாய்மாரும் நின்றார்கள். தண்ணீர் கொதித்ததா, பானை கழுவியதா, கை கழுவியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சமையல் அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

"அப்ப என்னெண்டு உப்பிடி வந்தது?"

"மாவிலை மணம் இருந்தது ரீச்சர். நான் அக்காவுக்குச் சொன்னனான்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு, "மாவிலை பிழை இல்லை ரீச்சர். என்ரை பிள்ளை மணந்து பாத்துத்தான் குடுத்தது" என்றார்.

ரீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அழுதாவது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"நீர் மணந்தனீரோ, பிள்ளை?"

"ஓம் ரீச்சர்."

"எப்பிடி இருந்தது?"

"நல்ல மணம்" என்றேன்.

சமையல் அக்கா இடுப்பில் இருந்த மகளை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. தன் பிள்ளைக்கும் அதே கஞ்சியைக் கொடுத்தவர் வேண்டுமென்று அசட்டையாகச் சமைத்திருப்பாரா என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரீச்சர் நல்ல மனுஷி. நல்ல மனுஷிக்கே அது தோன்றவில்லை. "நீர் கொஞ்ச நாளைக்கு அடுப்படிக்கு வரவேண்டாம்" என்று சொன்னார். அடுத்த கிழமை சமையல் அக்கா மகளையும் ஒரு உடுப்பு மூட்டையையும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா நான்காவது தகரத்தைத் திறந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஒரு கைப்பிடி மாவை அள்ளிப் பச்சையாக வாயில் போட்டு மென்றார். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை, வாயில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கிணற்றடியில் போய்த் துப்பினார். மண்வெட்டியை எடுத்து, வாழைக்குப் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டே கிடங்கு வெட்டினார். மிஞ்சிய மா முழுவதையும் கொட்டி மூடினார். கோழி கிளறாமல் மேலே கல் வைத்தார். மாவில் வண்டு விழுந்துவிட்டதென்று ரீச்சருக்குச் சொல்லி அனுப்பிப் பொறுப்பையும் விட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிறகு அம்மா என்னிடம் எதையும் மணந்து பார்க்கச் சொன்னதில்லை. என்மீது நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்ற பிறகும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மற்றதைக் கொரோனாதான் எனக்குக் காட்டியது. காய்ச்சல் விட்டு எழும்பிய பிறகு எனக்கு இரண்டு மாதம் மணம் தெரியவில்லை. உங்களில் பலருக்கும் அப்படி இருந்திருக்கும். ஒருநாள் குரக்கன் வறுக்க வைத்துவிட்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். புகை கண்ணை எரித்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். சட்டியில் இருந்தது கரி. மகள் ஓடிவந்து, "அம்மா, உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்று கேட்டாள். நான் கையில் அகப்பையோடு நின்றேன். அடிப்பிடித்த பாலை அறியாமல் கிண்டிக்கொண்டிருந்த அம்மா, மல்லிகைப் பூவை வாங்கி வெறுமனே தலையில் வைத்துக்கொள்ளும் அம்மா, பால், மீன், எண்ணெய், உடுப்பு எல்லாவற்றையும் என் மூக்குக்குக் கொண்டுவந்த அம்மா எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். எண்பதை எட்டிவிட்டார், பேச்சில் தடுமாற்றம் இல்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு மணம் தெரியாதோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"தம்பி பிறந்த அடுத்த வருசம் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடை போனது."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் சாமான் என்னட்டைத் தருவினமே? மணம் தெரியாதவள் சமைக்கிறதைத்தான் ஆரும் நம்பித் தின்பினமே? ஐயாவுக்கும் சொல்லேல்லை."

அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்ற பயத்தோடு நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். "அண்டைக்கு அந்த மா பழுதம்மா. எனக்கு மணந்தது. நான் பொய் சொன்னனான். பள்ளிக்கூடத்திலையும் பொய் சொன்னனான்."

"தெரியும்" என்றார் அம்மா.

"மாவை வாயிலை போட்டுப் பாத்த பிறகோ?"

"இல்லை. நீ குனிஞ்சு நிமிரேக்கையே. மூக்கைச் சுளிச்சனி. பிறகு என்ரை முகத்தைப் பாத்தாய். பாத்திட்டு நல்லாத்தான் இருக்கு எண்டாய்." கோப்பையைக் கையில் எடுத்தார். "எனக்கு அந்தச் சொல்லுத்தான் வேண்டியிருந்தது. அதாலை எடுத்தனான்."

முப்பது வருடத்துக்குமேல் நான் தனியாகச் சுமந்ததாக நினைத்திருந்ததை, அதே வீட்டில், எனக்கு முன்னால் நின்று அவரும் சுமந்திருக்கிறார். ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் சொல்லுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டார் என்ற கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபம் நெடுநேரம் நிற்கவும் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை என்று போய்ச் சொல்லவேண்டிய ஆள் நானாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் அந்த வயிற்று வருத்தம் மாவால்தான் வந்ததா, வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணியால் வந்ததா என்பதையும் இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் சமையல் அக்கா சொன்னது உண்மை. அதை அறிந்த இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

"அவவைப் பிறகு கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒருக்காக் கண்டனான்" என்றார் அம்மா. "சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு, யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டிலை. தலை நரைச்சுப் போச்சு. மகள் பக்கத்திலை, கையிலை பிள்ளையோடை. ஆளை எனக்கு உடனை தெரிஞ்சுது. கிட்டப் போய், தங்கச்சி, அண்டைக்கு மா பழுதுதான், உன்னிலை பிழையில்லை எண்டு சொன்னனான்."

"என்ன சொன்னவ?"

"என்னை வடிவாப் பாத்தவ. 'அது எனக்கு அப்பவே தெரியுமக்கா. இப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்? அண்டைக்கு அந்த ரீச்சருக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்' எண்டவ. சத்தம் போட்டுக் கதைக்கேல்லை. பஸ் வெளிக்கிடுற நேரம். மகளை முன்னுக்கு ஏத்திப்போட்டுத் தானும் ஏறிட்டா."

"நீங்கள்?"

"நானும் அந்தப் பஸ்ஸுக்குத்தான் நிண்டனான்" என்றார் அம்மா. "கொண்டக்டர் வாங்கோ ஏறுங்கோ எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவன். நான் ஏறேல்லை."

அடுத்த பஸ் வர ஒன்றரை மணித்தியாலம் ஆனதாம்.